உயரத்தின் வரிசையில் மூன்று ஏரிகள்

இமாசலப் பிரதேசத்தின் வடகிழக்கில், திபெத்திய எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கு, அதன் தாழ்ந்த ஊர்கள்கூடக் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் இருக்க, மரத்தைவிடக் கல்லும் கல்லைவிட வெயிலும் மிகுந்து நிற்கும் ஒரு குளிர்ப்பாலை. இந்தியச் சமவெளிக்கும் திபெத்திய மேட்டுநிலத்துக்கும் இடைப்பட்டது என்பதால் அதன் பெயருக்கு ‘நடுநாடு’ என்று பொருள் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் ஈரத்தையெல்லாம் பீர் பஞ்சால் தொடரும் பெரிய இமயத் தொடரும் தங்கள் தென்சரிவிலேயே இறக்கி வைத்துவிடுவதால், இந்தப் பக்கம் வந்து சேர்வது வறண்ட காற்று மட்டுமே. இப்படி மலைக்குப் பின்னால் மழை எட்டாமல் போகும் நிலத்தைப் புவியியலார் மழை மறைவுப் பகுதி என்பர். மழை அரிதான இந்த நிலத்தில் ஏரிகள் இருப்பதும், அவை பெரும்பாலும் பனியுருகிய நீரால் உயிர் வாழ்வதும்தான் பயணிகளை இவ்வளவு தொலைவு இழுத்து வருகின்றன. நாக்கோ, தங்கர், சந்திரதால் என்னும் மூன்று ஏரிகளையும் ஒரே பயணத்தில் காண விரும்புபவர், எங்கே தங்குவது, எதில் செல்வது என்பவற்றுக்கு முன்பாகத் தீர்மானிக்க வேண்டியது எந்த வாசல் வழியே உள்ளே நுழைவது என்பதைத்தான்.

வாசல்கள் இரண்டு. ஒன்று மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாகச் சந்திரா ஆற்றின் கரைக்கு வந்து, கிராம்பு, சட்ரு, பாட்டல் என ஆற்றை எதிர்த்து ஏறி, ஏறத்தாழ 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடந்து ஸ்பிதிக்குள் இறங்குவது. ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா வரை சுமார் 200 கிலோமீட்டர். மற்றொன்று சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றைத் தொடர்ந்து கின்னௌர் மாவட்டத்தின் வழியாக நாக்கோ, தாபோ என்று மெல்ல ஏறிச் செல்வது. இது அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட தொலைவு. விடுப்பு நாட்களை எண்ணிப் பார்ப்பவருக்கு முதல் வழியே சரியென்று தோன்றும். ஆனால் மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்க, சந்திரதால் 4,300 மீட்டர் அளவில் இருக்கிறது. காலையில் மணாலியில் புறப்பட்டவர் அன்று மாலையே சந்திரதால் முகாமில் படுக்கும்போது, அவருடைய உடல் ஒரே பகலில் 2,000 மீட்டருக்கு மேல் தூக்கி வைக்கப்பட்டிருக்கும். கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காக இந்த வழியைத் தேர்வது தவறு என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நல்லது. மலையுச்சியில் காற்றிலுள்ள ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. அங்கும் அது 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். 4,300 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் செல்லும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. உடல் உடனே வேகமாக மூச்சுவிட்டு அதை ஈடுகட்ட முயல்கிறது. ஆனால் வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அந்தக் காரத்தைச் சிறுநீரகங்கள் வெளியேற்றிச் சமன் செய்ய இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். உயரத்துக்கு உடல் பழகுதல் என்று சொல்லப்படுவதன் முதற்கட்டம் இதுதான். அதற்கு இடம் கொடுக்காமல் ஏறினால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, தலைச்சுற்றல் என உயர்மலை நோய் தலைகாட்டும். கண்டுகொள்ளாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். உறங்கும்போது மூச்சின் வேகம் தணிந்து இரத்தத்தில் ஆக்சிஜன் மேலும் குறைவதால், பகலில் எவ்வளவு உயரம் ஏறினார் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் படுத்தார் என்பதே முக்கியமாகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்று மலை மருத்துவர்கள் வகுத்திருக்கும் விதி இதிலிருந்து வந்ததே. அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை சிறுநீரகத்தின் வேலையை விரைவுபடுத்தும் என்றாலும், மருத்துவரைக் கேட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். ஏறும் வேகத்தைக் குறைப்பதற்கு அது மாற்றும் அன்று. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரங்களில் ஒன்றான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்தால், நீலகிரியில் பல நாள் நடந்து பழகியவருக்கும் ஸ்பிதி புதிய உயரம் என்பது விளங்கும்.

சிம்லா வழியின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. அந்த வழியில் மூன்று ஏரிகளும் உயரத்தின் வரிசையிலேயே அமைந்திருக்கின்றன: நாக்கோ சுமார் 3,660 மீட்டர், தங்கர் 4,100 மீட்டருக்குச் சற்று மேல், சந்திரதால் 4,300 மீட்டர் அளவு. முதல் இரண்டு ஏரிகளையும் பகலில் கண்டுவிட்டு அவற்றுக்குக் கீழே இறங்கி உறங்குவதற்கு ஊர்களும் தோதாக அமைந்திருக்கின்றன. யாரும் திட்டமிட்டு இப்படி அமைக்கவில்லை. நிலமே இந்தப் படிக்கட்டைக் கட்டி வைத்திருக்கிறது.

பருவத்தைப் பொறுத்தவரை, குன்சும் கணவாய் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் திறந்து அக்டோபரில் பனியால் மூடிக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஸ்பிதிக்குள் மழை குறைவு என்றாலும், அதற்கு இட்டுச் செல்லும் கின்னௌர் சாலையும் மணாலிப் பக்கமும் பருவமழையின் முழு வேகத்துக்கு ஆளாகி, மண்சரிவால் நாள்கணக்கில் அடைபடுவது உண்டு. மழை ஓய்ந்து, ஓடைகள் வற்றி, வானம் தெளிந்திருக்கும் செப்டம்பரே ஏரிகளுக்கு உகந்த மாதம். இரவில் நீர் உறையும் அளவுக்குக் குளிரும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903 முதல் ஓடிவரும் மலை ரயில் பயணியை 2,000 மீட்டருக்குச் சற்று மேல் ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து சராஹனில் ஓர் இரவும், கின்னர் கைலாசத்தை நேர் எதிரே கொண்ட கல்பாவில் இரண்டு இரவும் தங்கினால், ஏறத்தாழ 2,960 மீட்டருக்கு உடல் பழகிவிடும். கல்பாவுக்கு அருகிலுள்ள ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு அரசுப் பேருந்து உண்டு; வெளிநாட்டினர் எல்லையோரப் பகுதியைக் கடக்க இங்கே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இந்தியக் குடிமக்களுக்கு அது தேவையில்லை. பியோவைத் தாண்டியதும் தேவதாரு மரங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அங்கிருந்து சாலை குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறி நாக்கோவை அடைகிறது.

நாக்கோ மாவட்டக் கணக்கில் கின்னௌரைச் சேர்ந்தது என்றாலும், நிலத்தாலும் வாழ்முறையாலும் ஸ்பிதியின் முன்வாசல். மரங்கள் தாமாக வளரக்கூடிய உயரத்தின் எல்லையை மரவரம்பு என்றும், அதற்கு மேலே உள்ள ஏரியை ஆல்பைன் ஏரி என்றும் சொல்லும் வரையறையைக் கறாராகப் பார்த்தால், வில்லோ மரங்களும் பாப்லர் மரங்களும் சூழ்ந்த நாக்கோ ஏரி அந்தக் கணக்கில் சேருமா என்ற கேள்வி எழும். ஆனால் அந்த மரங்கள் மனிதர் நட்டு நீரூற்றி வளர்த்தவை. ஏரிக்கரையை விட்டு நூறு அடி விலகினால் மலை வெறும் மண்ணாகவும் சரளையாகவும் நிற்கிறது. அளவில் நம் ஊர்க் கோயில் குளத்தைவிடப் பெரிதென்று சொல்ல முடியாத இந்த ஏரி, வீடுகளுக்கும் பார்லி வயல்களுக்கும் நடுவே இருக்கிறது. மேலே, இமாசலத்தின் மிக உயர்ந்த சிகரமான 6,816 மீட்டர் ரியோ புர்கியிலின் தோள்கள். பயணிகள் பலர் இதைப் படமெடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். கரையில் அமர்ந்து, ஊரார் வாய்க்காலில் நீர் திருப்பும் முறையைக் கவனித்தால், இந்தப் பாலையில் ஒரு சிற்றூர் எதைக் கொண்டு நிற்கிறது என்பது புரியும். பனிக்கட்டி உருகும் இடத்திலிருந்து மலைச்சரிவில் பல கிலோமீட்டர் தொலைவுக்கு வெட்டிக் கொண்டுவரும் கால்வாயை இங்கே ‘குல்’ என்பார்கள். எந்த வயலுக்கு எந்த வேளையில் மடை திறப்பது என்பதற்கு ஊர்க் கட்டுப்பாடு உண்டு. முறைப் பாசனம் நடக்கும் ஊரில் பிறந்த தமிழருக்கு இது அயலாகத் தோன்றாது.

நாக்கோவில் உறங்காமல், மாலையில் தாபோவுக்கு இறங்கிவிடுவது நல்லது. ஏறத்தாழ 3,280 மீட்டரில், பள்ளத்தாக்கின் தரையில் விரிந்திருக்கும் தாபோவில் இரண்டு இரவு தங்கலாம். 996-இல் மேற்குத் திபெத்தின் குகே அரசர் யேஷே ஓ எழுப்பிய மடாலயம், வெளியிலிருந்து பார்ப்பதற்கு மண்குவியல் போலவும் உள்ளே சுவரெங்கும் ஓவியமும் சுதைச் சிற்பமுமாகவும் இங்கே நிற்கிறது. மழை அரிதான நிலம் என்பதால்தான் ஆயிரம் ஆண்டுகளாக மண்சுவர் கரையாமல் இருக்கிறது. ஏரிகளை அரிதாக்கிய அதே வறட்சி ஓவியங்களைக் காத்துத் தந்திருக்கிறது.

தாபோவிலிருந்து காசா செல்லும் வழியில், செங்குத்தான மண்பாறைகளின் விளிம்பில் கழுகுக்கூடு போல ஒட்டியிருக்கும் தங்கர், ஒருகாலத்தில் ஸ்பிதியின் தலைநகரம். பாறைமேல் கோட்டை என்பதே பெயரின் பொருள். ஊர் 3,890 மீட்டர் அளவில் இருக்க, ஏரி அதற்கு மேலே மலையின் மடிப்பில் ஒளிந்திருக்கிறது. ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர நடை. பாதையில் நிழலுக்கு ஒரு செடிகூட இல்லை. சரளைக்கற்கள் காலடியில் வழுக்க, பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி ஏறும்போது, பின்னால் திரும்பிப் பார்த்தால் ‘பின்’ என்னும் ஆறும் ஸ்பிதி ஆறும் பல கிளைகளாகப் பிரிந்தும் பின்னியும் சாம்பல் நிற மணற்பரப்பில் கலப்பது தெரியும். மேலே ஏறி முடித்ததும் நிலம் சட்டென்று சமமாகி, ஏரி கண்ணில் படுகிறது. தொலைவில் 6,593 மீட்டர் மணிராங் சிகரம்.

தங்கர் ஏரியைப் பற்றி முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட வேண்டும். இது படங்களில் காணும் நீலப் பளிங்கு போல ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தது என்பதைப் பொறுத்து, ஓர் ஆண்டில் நிறைந்தும் மற்றோர் ஆண்டில் பாதியாகச் சுருங்கிக் கரையில் வெடித்த சேறு தெரியுமாறும் இருக்கும். ஏமாற்றம் அடைந்து திரும்புவோர் உண்டு. ஆயினும் பனியின் வரவு செலவுக் கணக்கு இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்ட இடம் இந்தப் பள்ளத்தாக்கில் வேறில்லை. சேற்றில் வளையம் வளையமாகப் படிந்த கோடுகளைப் பார்த்தே நீர் எந்த அளவில் நின்று எப்படி இறங்கியது என்று சொல்லிவிடலாம். நிறைந்த ஏரியைக் கண்டவரைவிட வற்றிய ஏரியைக் கண்டவர் ஸ்பிதியைக் கூடுதலாக அறிந்து திரும்புகிறார்.

அன்று மாலையே 3,600 மீட்டருக்கு மேலுள்ள காசாவுக்குச் சென்று மூன்று இரவு தங்க வேண்டும். பள்ளத்தாக்கின் பெட்ரோல் நிலையம், வங்கி, மருத்துவமனை, கடைத்தெரு எல்லாம் இங்கேதான். பணமும் எரிபொருளும் மருந்தும் இங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், இதற்கு மேல் எதையும் நம்ப முடியாது. இடையில் ஒரு நாள் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள லாங்சாவுக்குப் போய்வருவது உடலுக்கு நல்ல பயிற்சி. இமயம் எழுவதற்கு முன் இங்கே இருந்த தெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள்ஓட்டு உயிரிகள், கரிய களிப்பாறைக்குள் கல்லாகி இந்த ஊரைச் சுற்றிக் கிடக்கின்றன. பூசையறைகளில் வைத்து வணங்கப்படும் சாளக்கிராமமும் கண்டகி நதியில் கிடைக்கும் அம்மோனைட் கல்தான். சிறுவர்கள் அவற்றைக் கொண்டுவந்து விலைக்கு நீட்டுவார்கள். கையில் வாங்கி, அந்தச் சுருளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை. வாங்குவோர் உள்ள வரை மலையைத் தோண்டுவோரும் இருப்பர்.

தங்கும் வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். தடித்த மண்சுவரும், கால்நடைத் தீவனம் அடுக்கிய தட்டைக் கூரையும் கொண்ட ஸ்பிதி வீடுகள் பலவற்றில் இன்றும் நீர் ஊற்றாத உலர் கழிப்பறையே உண்டு. கழிவின் மேல் மண்ணும் சாம்பலும் தூவி, மக்கிய பின் வயலுக்கு எருவாக்குவார்கள். வெந்நீர்க் குளியலும் நீர்க் கழிப்பறையும் வேண்டுமென்று பயணிகள் வற்புறுத்தும் ஒவ்வொரு முறையும், பட்டாணிக்கும் பார்லிக்கும் போக வேண்டிய நீர் குழாய்க்குத் திரும்புகிறது. பத்து நாள் குளிக்காமல் இருப்பது பெரிய தியாகம் அன்று. இந்த வறண்ட குளிரில் வியர்வையே அரிது.

காசாவிலிருந்து கிளம்பி, 4,000 மீட்டரைத் தொடும் கடைசி ஊரான லோசரில் ஓர் இரவு உறங்கி, மறுநாள் குன்சும் கணவாயைக் கடந்தால் சந்திரா ஆற்றின் பக்கம் இறங்கலாம். கணவாய் உச்சியில் குன்சும் தேவியின் கோயிலை வண்டிகள் ஒருமுறை வலம்வந்தே செல்லும். இறக்கத்தில், பாட்டலுக்குச் சற்று முன்னால், ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலத்தில் சந்திரதாலுக்கான மண்சாலை பிரிகிறது. அதுவும் ஏரிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் முன்பே முடிந்துவிட, மீதியை நடக்க வேண்டும்.

பிறை வடிவில் கிடப்பதால் நிலா ஏரி என்ற பொருளில் சந்திரதால் எனப் பெயர் பெற்ற இந்த ஏரி, பனியாறு ஒருகாலத்தில் தள்ளிவந்து குவித்த கல்லும் மண்ணுமான மேடுகளுக்கு நடுவே அமைந்தது. இத்தகைய குவியலை மொரைன் என்பார்கள். கரையோரத்தில் நீர் கண்ணாடி போலத் தெளிந்து, ஒவ்வொரு கூழாங்கல்லும் தனித்தனியே எண்ணக்கூடியதாக இருக்கிறது. நான்கைந்து அடி தள்ளி அந்தக் கற்கள் பச்சையில் மங்கி, அதற்கும் அப்பால் பச்சை சட்டென்று ஆழ்ந்த நீலமாகிறது. வெயில் ஏறி இறங்கும்போது நிறமும் மாறுவதால், ஏரியை ஒருமுறை பார்த்தேன் என்று சொல்வதற்குக் குறைந்தது ஒரு மாலையும் ஒரு காலையும் வேண்டும். வடமொழிக் காவியங்களில் இணையை இரவெல்லாம் பிரிந்து ஏங்குவதாகச் சொல்லப்படும் சக்கரவாகப் பறவையைக் கோடையில் இங்கே காணலாம். செம்பொன் நிற உடலோடு அது நீரில் மிதக்கும்போது கரையின் மொட்டைக் குன்றுகளும் அதே நிறத்தில் இருப்பது கண்ணில் படும். காங்ரா, சம்பா மலைகளைச் சேர்ந்த இடையர்கள் கோடையில் ஆட்டு மந்தைகளை இந்தப் புல்வெளிகளுக்கு ஓட்டிவருகிறார்கள். பயணிகளுக்கு முன்பே, பல தலைமுறைகளாக, இந்த ஏரிக்கு வந்துபோகிறவர்கள் அவர்கள்.

சுமார் 49 ஹெக்டேர் பரப்புள்ள சந்திரதால், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 2005-இல் சேர்க்கப்பட்டது. கரையில் கூடாரம் அடிப்பது தடை செய்யப்பட்டு, முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளி அமைக்கப்பட்டிருக்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொண்டே உறங்க முடியவில்லையே என்று குறைப்படுவோர் உண்டு. ஆனால் இந்தக் குளிரில் எறிந்த உணவும் கழிவும் மக்குவதற்கு ஆண்டுகள் ஆகும். அவற்றைக் கழுவிக்கொண்டு இறங்கும் பனிநீர் சேரும் இடம் ஏரிதான். இந்தத் தடை இன்னும் கண்டிப்பாக வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது.

முகாமில் கைப்பேசி எட்டாது, மருத்துவ உதவி பல மணி நேரத் தொலைவில் இருக்கும். 2023 ஜூலை இரண்டாம் வாரத்தில், கோடையின் நடுவிலேயே கடும் பனி பெய்து, இங்கிருந்த ஏறத்தாழ 300 பேர் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டனர். லோசர் பக்கத்திலிருந்து குன்சும் சாலையின் பனியை அகற்றிக்கொண்டே வந்துதான் அவர்களை மீட்க முடிந்தது. ஆகவே திட்டத்தில் இரண்டு நாட்களை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விட்டுவைக்க வேண்டும். ஊர் திரும்பும் ரயிலையோ விமானத்தையோ மணாலி சேரும் நாளுக்கு மறுநாளே பதிவு செய்பவர், அந்தச் சீட்டுக்காகக் கடக்கக் கூடாத ஓடையைக் கடக்கத் துணிவார்.

ஓடைகள் என்பது சாலையின் குறுக்கே பாயும் பனிநீர் வரத்துகள், ‘நாலா’ என்பார்கள். பாட்டலிலிருந்து கிராம்பு வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டரைக் கடக்க நான்கைந்து மணி நேரம் ஆவதற்குக் கரடுமுரடான சாலையோடு இவையும் காரணம். இரவில் பனியாறு உறைந்து கிடப்பதால் விடியலில் கணுக்கால் நனையும் அளவே ஓடும் நாலா, வெயில் ஏறிப் பனி உருகியதும் பிற்பகலில் சக்கரத்தை மூழ்கடிக்கும் வேகத்தில் கல்லை உருட்டிக்கொண்டு வரும். இமாசல மலைச்சாலைகளில் ‘பாகல் நாலா’, அதாவது பித்துப்பிடித்த ஓடை, என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வழங்குவது இதனால்தான். பழக்கப்பட்ட ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி, நீரின் நிறத்தைப் பார்ப்பார். தெளிந்திருந்தால் அடி தெரியும், கலங்கியிருந்தால் மேலே எங்கோ கரை உடைந்திருக்கிறது. முன்னால் செல்லும் வண்டியின் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்த பின்பே தன் வண்டியை இறக்குவார். எனவே சந்திரதாலிலிருந்து விடியற்காலையில், குளிர் எலும்பைத் துளைக்கும் வேளையிலேயே புறப்பட்டுவிட வேண்டும்.

கிராம்புவில் தார்ச்சாலை வந்து, அங்கிருந்து 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைக் கடந்தால் மணாலியின் தேவதாருக் காடுகள். சுரங்கத்துக்குள் நுழையாமல் ஆற்றோடு கீழே சென்றால், சந்திரதாலின் நீரையும் ஏற்றுக்கொண்ட சந்திரா ஆறு தாண்டி என்ற இடத்தில் பாகா ஆற்றோடு கலந்து சந்திரபாகாவாகி, செனாப் என்ற பெயரில் ஜம்மு காஷ்மீரை நோக்கிப் போகிறது. அந்தப் பாகா பிறப்பது பாரலாச்சா கணவாயின் கீழே, 4,800 மீட்டருக்கும் மேலே உள்ள சூரஜ் தாலில். உயரத்தின் வரிசையில் நான்காவது ஏரி அது. லோசரிலும் சந்திரதாலிலும் உறங்கி எழுந்த உடல் அந்த உயரத்தைப் பகலில் கண்டுவரத் தயாராகவே இருக்கும், ஒதுக்கி வைத்த இரண்டு நாட்கள் செலவாகாமல் மிஞ்சியிருந்தால்.